நடக்க முடியாதவள்

டெய்லரம்மாவின் காலுக்கு ஒரு குறையும் கிடையாது. காலமெல்லாம் தையல் மெஷினை மிதித்து மிதித்து உரமேறிய கால். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல், நூலும் பட்டனும் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தே போய் வருகிறவள். அப்பேர்ப்பட்டவள் இப்போது முன்பின் தெரியாத ஒரு விமான நிலையத்தில், இடுப்பில் பெல்ட் மாட்டி, சக்கர நாற்காலியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் மகன் செய்த ஏற்பாடு. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு நாளைக் காலையில் ஆபரேஷன். வயிற்றில் கட்டி. திறந்து பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "உள்ள போறதுக்கு முன்னாடி உன்ன ஒரு தடவ பாத்துடணும்மா" என்று மகள் போனில் அழுததிலிருந்து டெய்லரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற டிக்கெட் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதிலும் நடுவழியில் விமானம் மாற வேண்டும். மாறுவதற்கு இருந்த அவகாசத்தில் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைத்து முடிக்கலாம், அவ்வளவுதான்.

"அந்த போர்டெல்லாம் பாத்து கேட் எங்கன்னு நீ கண்டுபிடிக்கறதுக்குள்ள பிளைட் பறந்துடும்மா," என்றான் மகன். "வீல்சேர் சொல்லியிருக்கேன். அவங்களே தள்ளிட்டுப் போய் அடுத்த பிளைட்ல உக்கார வெச்சிடுவாங்க. யார் கேட்டாலும் நடக்க முடியாதுன்னு மட்டும் சொல்லு. மறந்துபோய் எழுந்து நின்னு தொலைக்காத."

மகன் மகா கெட்டிக்காரன். ஒன்றை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டான். சக்கர நாற்காலிக்காரர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, டெய்லரம்மா ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் ஏறிய பிறகுதான் நாற்காலி வந்தது. நீலச்சட்டைக்காரன் ஒருவன் அவளைத் தள்ளிக்கொண்டு போய், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் சுவரோரம் நிறுத்தினான். பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் வாங்கி அங்கே மேசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்தான். "வெயிட்" என்றான். போய்விட்டான்.

பக்கத்து நாற்காலியில் இன்னொரு அம்மாள் இருந்தாள். பேச்சுக் கொடுத்ததில் தமிழ்தான், அடுத்து ஏறப்போவதும் அதே விமானம்தான் என்று தெரிந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவளாம். மகனைப் பார்க்கப் போகிறாளாம்.

"உங்களுக்கு முட்டியா, இடுப்பா?" என்றாள் கண்டக்டரம்மா, எந்த ஊர் என்று விசாரிப்பதுபோல.

டெய்லரம்மாவுக்குப் பொய் லேசில் வராது. அன்றைக்கு வந்தபோது அளவில்லாமல் வந்தது. "முட்டிதாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். உள்ள கம்பி வெச்சிருக்காங்க. நின்னாலே உயிர் போவுது."

"அடப் பாவமே! எனக்கு நின்னு நின்னே தேஞ்சு போச்சு. ஆனா கம்பியெல்லாம் வெக்கல. நீங்க எப்படித்தான் தனியா கிளம்பி வந்தீங்களோ!" தன் சால்வையை மடித்து டெய்லரம்மாவின் காலுக்குக் கீழே வைக்கச் சொல்லி நீட்டினாள். வேண்டாம் என்றால் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. டெய்லரம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. நீலச்சட்டை வரவில்லை. மேசைப் பெண்ணைக் கூப்பிட்டால், அவள் சிரித்து, உள்ளங்கையைக் காட்டி, மறுபடி போனில் பேசப் போய்விடுவாள். கதவுக்குப் பூட்டு இல்லை, திறந்துதான் கிடந்தது. வெளியே ஜனங்கள் தங்கள் பாட்டுக்கு நடந்து போனார்கள். இந்த ஊர் ஜெயிலுக்குக் கதவே வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தாள் டெய்லரம்மா. எழுந்து ஓடு ஓடு என்று கால் துடித்தது. பாஸ்போர்ட் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் கண்டக்டரம்மா, 'கம்பி வைத்த' காலைப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். எழுந்து எங்கே போவது?

ஒருவழியாக நீலச்சட்டைக்காரன் ஓடி வந்தான். மூச்சு வாங்க ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். கண்டக்டரம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும்.

"கேட்ட மூடப் போறாங்களாம். இவன் ஒருத்தன்தான் இருக்கான், ஒருத்தரத்தான் தள்ளிட்டுப் போக முடியுமாம். இன்னொருத்தருக்கு ஆள் வந்தா உண்டாம், இல்லேன்னா நாளைக்குத்தானாம். யாராச்சும் கொஞ்சமாவது நடப்பீங்களான்னு கேக்கறான்."

டெய்லரம்மா தன் காலைப் பார்த்தாள். ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். எழுந்து நின்று, 'நான் நடந்து வரேன், நீ அவங்களத் தள்ளு' என்று கையைக் காட்டினால் இரண்டு பேரும் போய்விடலாம். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் எழுந்து நின்றதும், இவ்வளவு நேரம் ஏமாற்றினாயா என்று பிடித்து வைத்துக்கொண்டால்? விசாரணை அது இதுவென்று நிறுத்திவிட்டால்? அங்கே மகளை உள்ளே கொண்டுபோய் விடுவார்களே.

"முடியாது," என்றாள். தலையையும் ஆட்டினாள்.

"அதான் எனக்குத் தெரியுமே," என்றாள் கண்டக்டரம்மா. நீலச்சட்டைக்காரனிடம் டெய்லரம்மாவைக் காட்டி, "ஹெர் ஃபர்ஸ்ட்" என்றாள். "நீங்க போங்கம்மா. என்னப் பத்திக் கவலப்படாதீங்க."

அவன் அவளுடைய பாஸ்போர்ட்டை மேசையிலிருந்து எடுத்து மடியில் போட்டான். நாற்காலி நகர்ந்தது. டெய்லரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

விமானத்தில் இரண்டு பணிப்பெண்கள் அக்குளில் கை கொடுத்து அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவளும் தொய்ந்து விழுந்தாள். மகளை நினைத்துத் தேறிக்கொள்ளப் பார்த்தாள். நடக்க முடியாத ஒருத்தியைச் சுவரோரம் விட்டுவிட்டு வந்தோமே என்று அழுகைதான் வந்தது.

கதவைச் சாத்தப்போகிற நேரம், "ஹோல்ட் ஆன்!" என்று ஒரு சத்தம். கண்டக்டரம்மா உள்ளே வந்தாள். யாரும் தள்ளவில்லை. தன் சொந்தக் காலில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிய வந்தாள். வந்தவள் தன் இருக்கையைத் தேடவில்லை. டெய்லரம்மாவின் பக்கத்தில் இருந்த இளைஞனிடம் ஏதோ சொல்லி அவனை எழுப்பிவிட்டு, அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

"உங்களப் பாத்துக்க ஆள் வேணும்னு சொன்னேன். பாவம், நல்ல புள்ள, எழுந்துட்டான்."

"உங்க முட்டி..." டெய்லரம்மா அவள் காலையே பார்த்தாள்.

கண்டக்டரம்மா குரலைத் தாழ்த்தினாள். "முட்டியாவது ஒண்ணாவது. எனக்கு ஒரு கேடும் இல்லம்மா. வீல்சேர் போட்டா தானா கொண்டுபோய்ச் சேத்துடுவாங்கன்னு என் பையன் சொன்னான், நானும் தலைய ஆட்டித் தொலைச்சேன். உங்களப் பாத்ததுலேருந்து எனக்குக் கூசிப்போச்சு. நிஜமா முடியாதவங்க நீங்க உக்காந்திருக்கீங்க, பக்கத்துல நான் கல்லாட்டம் கால வெச்சிக்கிட்டு நடிச்சிட்டிருக்கேன். உங்க எடத்தயும் நான் பிடுங்கியிருந்தா மனுஷியா நான்? நீங்க போனதும் எழுந்தேன், மேசை மேல இருந்த பாஸ்போர்ட்ட எடுத்தேன், ஓடினேன். அந்தப் பொண்ணு வாயப் பொளந்துட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு டெய்லரம்மாவின் கையைப் பிடித்தாள். "என்ன மன்னிச்சிடுங்க. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

இரண்டு பேரும் சொன்னது ஒரே பொய்தான். அவள் எழுந்தாள், இவள் எழவில்லை. 'எனக்கும் ஒண்ணுமில்லீங்க' என்று சொல்ல டெய்லரம்மாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால், முடியாதவள் என்று நம்பிய ஒருத்தியைத் தெரிந்தே விட்டுவிட்டு வந்ததையும் சேர்த்தல்லவா சொன்னதாகும்? எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

காலையில் மகளைப் பார்த்துவிடலாம். அதில் இனிமேல் சந்தேகமில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கண்டக்டரம்மா தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். சாப்பாட்டுத் தட்டைப் பிரித்துக் கொடுத்தாள். குளிருமே என்று போர்வையை இழுத்து முட்டியில் மெதுவாகப் போர்த்திவிட்டாள். டெய்லரம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

பாத்ரூம் போவதை மட்டும் அவளால் ரொம்ப நேரம் அடக்க முடியவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இதுக்கா இவ்ளோ யோசிச்சீங்க? என் தோளப் பிடிங்க," என்று கண்டக்டரம்மா எழுந்து நின்றாள். "வழி விடுங்க, கொஞ்சம் கால மடக்குங்க, முடியாதவங்க வராங்க!"

இரண்டு பக்கமும் ஆட்கள் அவசரமாகக் காலை இழுத்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் "பாத்துப் போங்கம்மா" என்றார். டெய்லரம்மா அந்தத் தோளில் தன் பாரத்தைப் போட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, நொண்டிக்கொண்டே நடந்தாள்.