உம்முவின் கடைவாய்ப் பல்

பல் மருத்துவருக்கு வீட்டில் உம்மு என்று பெயர். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் உம்மென்று கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வார் என்பதால் தங்கை வைத்தது. அது வெளியே தெரியாமலிருக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அன்றைக்கு நாற்காலியில் ஒரு சிறுமி. கடைவாய்ப் பல்லில் சொத்தை. அவள் அப்பா கெஞ்சிப் பார்த்தார், மருத்துவர் அதட்டிப் பார்த்தார். வாயைத் திறப்பேனா என்றிருந்தாள். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து மருத்துவரின் அம்மா இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

"உம்மு, அலமாரி சாவிய எங்கடா வச்ச?"

சிறுமியின் வாய் தானாகத் திறந்தது. "நீங்கதான் உம்முவா? கரடி உம்முவா?"

மருத்துவர் காரியத்தில் குறியானவர். திறந்த வாயை வீணாக்காமல் சொத்தையைச் சுரண்டி அடைத்து முடித்த பிறகுதான், "எந்தக் கரடி?" என்று கேட்டார்.

சிறுமி பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். அட்டையில் ஒரு கரடிக்குட்டி கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருந்தது. மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் தங்கையின் பெயர். உடனே அவளுக்குப் போன் போட்டார்.

"மூல மொழியில அந்தக் கரடிக்கு இருக்குற பேர இங்க வாய்விட்டுச் சொன்னா அடிக்க வருவாங்கண்ணா. மாத்தித்தான் ஆகணும்" என்றாள் தங்கை. "எல்லா நாட்டுலயும் மாத்துறாங்க. ஒரு இடத்துல அவனுக்கு மூக்கடைப்புன்னு பேரு. இன்னொரு இடத்துல தெரியாம ஒரு பழைய தளபதியோட பேர வச்சுட்டாங்க. அங்க அவன் படுக்கைய நனைக்கிறது பெரிய பிரச்சினையாயிடுச்சு."

"படுக்கைய நனைக்கிறானா?"

"ரெண்டாவது புத்தகத்துலதான்."

"உனக்கு வேற பேரே கிடைக்கலையா?"

"உம்முன்னு இருக்குற வேற யாரையும் எனக்குத் தெரியாதே."

மருத்துவர் புத்தகத்தை வாங்கிவரச் சொல்லி, மதியம் ஆள் வராத நேரத்தில் படித்தார். கரடிக்குப் பல்வலி. நரி அதன் கடைவாய்ப் பல்லில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கதவில் கட்டி, கதவை அறைந்து சாத்தியது. பல் போனதும் கரடி குகைக்குள் ஒளிந்து அழுதது. மருத்துவர் மறுபடி போனை எடுத்தார்.

"கடைவாய்ப் பல்ல இப்படி இழுத்தா தாடை என்னத்துக்கு ஆகும்? ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற மாதிரி மாத்து."

"பேர மட்டும்தான் மாத்த விடுவாங்கண்ணா. அவனுக்கு நடக்குறத மாத்த முடியாது."

மருத்துவர் போனை வைத்துவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

சிறுமி பள்ளிக்கூடத்தில் சும்மா இருப்பாளா? அடுத்த வாரமே பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பல் நன்றாக இருந்தவர்களும் வந்தார்கள். சொத்தையோடு வந்த ஒரு பையன் நாற்காலியில் ஏறிப் படுத்ததும் கேட்டான்: "பல்லப் புடுங்கினப்ப ஏன் குகைக்குள்ள போய் அழுதீங்க?"

உதவிக்கு நின்ற நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மருத்துவர் கையுறையை நிதானமாக மாட்டினார்.

"பயமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. அது தப்பு. நீ வலிச்சா கையத் தூக்கு, நிறுத்திடுறேன்."

பையன் இரண்டு தடவை கையைத் தூக்கினான். இரண்டு தடவையும் நிறுத்தினார்.

அன்று மாலை தங்கைக்குப் போன் வந்தது.

"மூணாவது புத்தகத்துல எனக்கு என்ன ஆகுது?"

"வந்ததும் படிச்சுக்கயேன்."

"பிள்ளைங்க கேக்குறாங்க. எனக்கே தெரியலன்னா நல்லாவா இருக்கும்?"

தங்கை பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "படகு ஓட்டக் கத்துக்குற."

"பல்லு?"

"அதப் பத்தி ஒண்ணும் இல்ல."

"சரி" என்று வைத்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.