கேமராவுக்குத் தெரியாத மதியம்

"ரிப்பேர் பண்ண வரச் சொல்லலை. கேமரா நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, போதும்" என்றாள் வீட்டுக்காரி.

கேமரா மாட்டுகிறவருக்கு அது சுலபமான வேலையாகத்தான் பட்டது. ஆறு மாதத்துக்கு முன்பு, குளிர்காலத்தில், அவரே வந்து மாட்டிய கேமரா. தன் வேலை சரி என்று சொல்ல யாருக்குக் கசக்கும்?

அவள் போனை நீட்டினாள். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அவள் அப்பாவின் அறை. காலைப் பதிவுகளில், அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அக்கா முகம் துடைக்கிறாள், புரட்டிப் படுக்கவைக்கிறாள், கஞ்சி ஊட்டுகிறாள். பன்னிரண்டரைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நாலரைக்குத்தான் மறுபடி தலை தெரிகிறது. பதினொரு நாளாக இதே கதை.

"ஆள் நகர்ந்தா தானா பதிவாகும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ நாலு மணி நேரம் எங்கப்பா தனியாக் கிடக்கிறார். நான் ஆபீஸ்ல வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"அப்பாகிட்ட கேட்டீங்களா, மேடம்?"

"காலையில சாப்பிட்டதே அவருக்கு நினைவு இல்லை."

அக்கா அறை மூலையில் தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்றோடு வரவேண்டாம் என்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

"நான் இந்த அறையை விட்டு நகரலை, தம்பி. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். உங்க பெட்டி சொல்றதுதானே இங்க வேதவாக்கு" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "படுத்திருக்கிறவரை விட்டுட்டு ஊர் சுத்தினவள்னு பேர் வாங்கினா, இனி எந்த வீட்டுல என்னைச் சேர்ப்பாங்க?"

அவர் கேமராவைப் பார்த்தார். பேட்டரி நிறைய இருந்தது. வைஃபை முழுசாகக் கிடைத்தது. 'நல்லா இருக்கு' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சம்பிரதாயத்துக்கு ஒருமுறை கேமராவின் முன்னால் குறுக்கே நடந்தார்.

ஆள் நகர்ந்தால் அடிக்கவேண்டிய போன் சத்தம் போடவில்லை.

மறுபடி நடந்தார். இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"என்ன தம்பி, காக்கா ஓட்டுறீங்களா?" என்றாள் அக்கா.

மணி இரண்டேகால். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேமராவுக்கு எதிர்ச் சுவரில் கையை வைத்தார்; ஆள் உடம்பைத் தொட்ட மாதிரியே சூடாக இருந்தது. மேற்குச் சுவர். உச்சி சாய்ந்ததிலிருந்து வெயில் முழுக்க அதன் மேல்தான்.

புரிந்துவிட்டது. எதையாவது மாற்றிவிட்டு, இனி சரியாக இருக்கும் என்று நழுவிவிடலாம். கடை முதலாளிக்கும் அதுதான் பிடிக்கும். அக்கா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அது பாதியில் சிக்கி நின்றது.

"மேடம், ஃபிரிஜ் தண்ணியில ஒரு துண்டை நனைச்சுக் கொண்டு வாங்க."

ஈரத் துண்டை மார்புக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டாவது அடியிலேயே போன் மணி அடித்தது.

"இது சூட்டைத்தான் பார்க்கும், மேடம். சுவர் ஒரு சூடு, ஆள் ஒரு சூடு இருந்தாத்தான் ஆள் நகர்றது இதுக்குத் தெரியும். இப்ப ரெண்டும் ஒண்ணாயிருச்சு. நாலரைக்கு மேல சுவர் ஆளை விடச் சூடேறினப்புறம்தான் மறுபடி தெரியும். இதைப் பொறுத்தவரைக்கும் நாம இங்க இல்லவே இல்லை." எதிர்ச் சுவரைக் காட்டினார். "அந்தச் சுவரைப் பார்க்க மாட்டினது நான்தான். வெயில் காலத்தை யோசிக்கலை. தப்பு என்னோடது. அக்கா மேல பழி போடாதீங்க."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சுவரருகே போய் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"அப்போ இந்த அறை... தினமும் நம்ம உடம்புச் சூட்டுலயா இருக்கு?"

"அதைத்தானேம்மா போன மாசத்துலேருந்து சொல்றேன்" என்றாள் அக்கா. "கட்டிலை முன்னறைக்கு மாத்தலாம்னேன். எனக்கு டிவி பார்க்க வசதியா இருக்கும்னு நீங்க நினைச்சீங்க. ஃபேன் அனலைத்தான் வாரி இறைக்குது. அட்டையால விசிறிக்கிட்டே இருப்பேன். ஒரு கை கடுத்தா இன்னொரு கை."

வீட்டுக்காரி கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தாள். அக்கா கால்மாட்டுக்கு வந்தாள். வாசல் குறுகலாக இருந்ததால் அவர் கதவைக் கழற்றி எடுத்தார். முன்னறை ஜன்னலோரம் கட்டில் நின்றதும் கிழவர் கண்ணைத் திறந்தார்.

"அப்பாடா" என்று குழறினார்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. நாளைக்கு வருவீங்களா?"

"வர்றேன். அப்பாவுக்காக வர்றேன். ஆனா எனக்கு மேல அந்தப் பெட்டி வேண்டாம். சந்தேகமா இருந்தா போன் போடுங்க, எடுக்கிறேன். அப்பாகிட்டயும் குடுக்கிறேன்."

கேமராக்காரர் ஸ்க்ரூடிரைவரோடு நின்றார். மகள் அவரைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"கழட்டிடுங்க" என்றாள்.