கேட்காமல் அடித்த அடி

ஜினெத் மேல்கோட்டுகூடப் போடாமல் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஓடிவந்தாள். காலில் வார்டுக்குள் போடுகிற துணிச்செருப்பு. வண்டிகள் நிற்கிற இடத்தில், மூன்றாவது வரிசையில், கயேத்தான் தன் காரின் முன்கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் போய் அவனுக்கும் கார்க் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

“போகாதே.”

“தள்ளு ஜினெத். ஜன்னி கண்டு சாகப்போற.”

“சாகறேன். ஒரே வீட்ல ரெண்டு சாவா விழட்டும். நாலு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்தியே, நாலு நிமிஷம் உள்ள நிக்க முடியலையா உனக்கு?”

கயேத்தான் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அறுபத்தொரு வயது. இடது கண் பால்போல வெளுத்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அந்தக் கண்ணைப் பறித்தது ஜினெத்தின் புருஷன் ரெஜானுடைய வலது கை.

ரெஜானும் கயேத்தானும் ஆறு வருஷம் நீல அணிக்கு ஐஸ் ஹாக்கி ஆடியவர்கள். ஆடியவர்கள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். கோல் போட வேறு ஆட்கள் இருந்தார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எதிரணிக்காரனோடு குத்துச்சண்டை போடுவதற்கு. வெளியூர் போனால் ஒரே அறை. பிறகு ரெஜானைச் சிவப்பு அணிக்கு மாற்றிவிட்டார்கள். க்யூபெக்கில் அந்தக் காலத்தில் நீலமா சிவப்பா என்று விசாரிக்காமல் பெண் கொடுக்கமாட்டார்கள். ரெஜான் போன மூன்றாவது வாரமே சிவப்பு அணி நீல அணியின் ஊருக்கு ஆட வந்தது. ஆட்டத்தின் முதல் பகுதிகூட முடியவில்லை, கயேத்தானைப் பனித்தளத்தின் நடுவிலிருந்து ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவன் ஸ்கேட் கட்டவே இல்லை. ரெஜான் போய்ப் பார்க்கவும் இல்லை.

இப்போது ரெஜானுக்கு வாங்கிய குத்தெல்லாம் சேர்ந்து மூளை கலங்கிவிட்டது. நுரையீரலில் நீர். இன்று பொழுது தாண்டாது என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை. ஆனால் மூன்று வாரமாக ஓயாமல் ஒரே கத்தல்: “கயேத்தான் விஷயம் ஒண்ணு சொல்லணும்!” குழாய்களைப் பிடுங்கி எறிகிறான், குழந்தை மாதிரி அழுகிறான். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு இவனைச் சாகவிடக் கூடாது என்று ஜினெத் கயேத்தானுக்குப் பதினொரு தடவை போன் செய்தாள். வந்தான். அறை வாசல்வரை வந்தவன், சுவரைப் பார்த்தான், திரும்பி நடந்துவிட்டான்.

“செவுத்துல ரெண்டு அணிச் சட்டையையும் பக்கத்துல பக்கத்துல மாட்டி வச்சிருக்கீங்க,” என்றான் இப்போது. “அண்ணன் தம்பி மாதிரி.”

“எங்க பொண்ணு மனோன் மாட்டினது. அவளுக்கு அது அப்பா சட்டை, அவ்வளவுதான். இப்பவே கழட்டி எறியறேன், வா. உன் கையைக் காலா நெனச்சுக் கேக்கறேன் கயேத்தான். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. பொய்யாவாவது சொல்லு.”

“கண்ணுக்காகன்னா நெனச்ச?” அவன் சுரண்டியை நீட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். “எங்க பொழப்புல கண்ணு போகும், பல்லு போகும். ஆனா கேக்கணும். ‘போலாமா’ன்னு கேக்கணும், எதிராளி ‘ம்’னு சொல்லணும், அப்புறந்தான் கைய ஓங்கணும். எப்பேர்ப்பட்ட பொறுக்கியும் கேப்பான். இவன் கிட்ட வந்தப்ப நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சிரிச்சேன். நலம் விசாரிக்க வரான்னு நெனச்சு சிரிச்சேன். சிரிச்ச மூஞ்சில குத்தினான்.”

ஜினெத்துக்குக் குளிரில் தாடை ஆடியது. இதற்குமேல் ஒளிக்க அவளிடம் நேரமில்லை.

“அன்னிக்கே உன்னப் பாக்கக் கெளம்பினான். கார்ச் சாவிய ஒளிச்சு வச்சது நான்.”

அவன் கையிலிருந்த சுரண்டி தாழ்ந்தது.

“‘நீ அங்க போய் அழுதேன்னு தெரிஞ்சா சிவப்புக்காரனுங்களும் உன்னத் துரத்திருவானுங்க, என் வயித்துல புள்ள இருக்கு’ன்னு அவன்கிட்ட சொன்னேன். மறுநாளும் கெளம்பினான், அன்னிக்கும் விடல. அதுக்கப்புறம் அவனே கெளம்பல. மொத நாள் போகாதவன் பத்தாம் நாள் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவான்? திட்டணும்னா என்னத் திட்டு. அவன விட்டுரு.”

“அப்ப நீயா.”

“நான்தான்.”

கயேத்தான் கார்க் கதவைத் திறந்து சுரண்டியை உள்ளே வீசினான். போகிறான் என்றே அவள் நினைத்தாள். அவன் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து நடந்தான்.

மேலே அறையில் மோட் என்ற நர்ஸ் ஆக்சிஜனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜான் தலையணைகளில் சாய்ந்து கிடந்தான். நூறு கிலோ இருந்த உடம்பில் இப்போது பெரிதாக மிச்சமிருந்தவை கை முட்டிகள் இரண்டும்தான். வாசலில் கயேத்தானைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அடையாளம் தெரிந்துவிட்டது என்றே ஜினெத் நினைத்தாள்.

“மரியுஸ்! எங்கடா போய்த் தொலஞ்ச? எல்லாரும் தயாராயிட்டானுங்க.”

மரியுஸ் சிவப்பு அணியில் சட்டை, ஸ்கேட் எல்லாம் பார்த்துக்கொண்ட ஆள். செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது.

“ரெஜான், இது மரியுஸ் இல்லப்பா,” என்று ஜினெத் தொடங்கினாள். கயேத்தான் கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

“பின்பட்டையக் கட்டுடா. நல்லா இழுத்துக் கட்டு.”

சண்டைக்காரர்களின் சட்டைக்குப் பின்னால் ஒரு பட்டை இருக்கும். எதிராளி சட்டையைத் தலைக்குமேல் உருவிவிடாமல் அதைக் கால்சட்டையோடு கட்டுவார்கள். ரெஜான் முன்னால் குனிந்து, ஆஸ்பத்திரி அங்கியின் முதுகுப்பக்கத்தைக் காட்டினான். கயேத்தான் படுக்கை விளிம்பில் உட்கார்ந்து நாடாக்களை எடுத்தான்.

“மரியுஸ், யார்கிட்டயும் சொல்லாத. இன்னிக்கு அங்க கயேத்தான் இருப்பான்.”

“இருக்கட்டும்.”

“அவன நான் கேக்காமலே அடிக்கப்போறேன்.”

கயேத்தானின் விரல்கள் நின்றன. “ஏன்?”

“கேட்டா சிரிப்பான். போடா லூசுன்னுவான். அவன் மாட்டேன்னா என்னால கைய ஓங்க முடியாது. மூணு வாரமா இங்க ஒருத்தன்கூட என் பக்கத்துல உக்காந்து சாப்பிடல மரியுஸ். நீல அணியோட உளவாளிங்கறானுங்க. இன்னிக்கு அடிக்கலேன்னா அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. ஒரே ஒரு அடி. மெதுவா அடிப்பேன்.”

ஜினெத் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடப் பாவி, இதைச் சொல்லவா மூன்று வாரமாகக் கத்தினாய்! ஒரு மன்னிப்பு வரும், அதைக் கேட்டுக் கயேத்தான் மனம் இளகும் என்று பதினொரு தடவை போன் போட்டு வரவழைத்தாளே. எல்லாம் போயிற்று. கயேத்தான் எழுந்து போனால் இந்தத் தடவை பின்னால் ஓட அவளுக்குத் தெம்பில்லை.

ரெஜான் மெல்லத் தலையைத் திருப்பினான். “மரியுஸ்.”

“சொல்லு.”

“அவன் கோவிச்சுக்குவானா?”

ஆக்சிஜன் புட்டியில் நீர் குமிழியிட்டது. கயேத்தான் நாடாவைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான், அதன்மேல் இன்னொன்று போட்டான்.

“கோவிச்சுக்குவான். அவன் சரியான கோவக்காரன்.”

“ஆமா, கழுதை,” என்று ரெஜான் சிரித்தான். சிரிப்பு இருமலானது. “எத்தன நாளைக்கு?”

“ரெண்டு நாள் பேசமாட்டான். மூணாம் நாள் அவனே வந்துருவான்.”

“நெசமாவா?”

“எனக்குத் தெரியாதா அவன?”

ரெஜான் பெருமூச்சு விட்டான். அன்று முழுதும் அவன் அப்படி மூச்சு விட்டு ஜினெத் பார்க்கவில்லை. “அப்ப சரி. நேரமாச்சு, நான் போறேன்,” என்று காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டான். மோட் ஓடிவருவதற்குள் எழுந்திருக்கப் பார்த்து, அப்படியே கயேத்தான்மேல் சாய்ந்தான். கயேத்தான் ஒரு கையால் அங்கியின் தோளையும் ஒரு கையால் பிடரியையும் பற்றித் தாங்கிக்கொண்டான். ரெஜானின் நெற்றி அவன் கழுத்தில் புதைந்தது. ஒரு மூச்சு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்ததற்காக ஜினெத் காத்திருந்தாள்.

மோட் ரெஜானின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு ஜினெத்தைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “ஐயா, படுக்க வச்சிரலாங்க,” என்றாள்.

“கொஞ்சம் இரும்மா,” என்றான் கயேத்தான்.

நல்ல கண்ணையும் மூடிக்கொண்டிருந்தான். பிடி தளரவில்லை. இரண்டு பேருடைய கை முட்டிகளும் வெளுத்தும் வீங்கியும் ஒன்றுபோல இருந்தன. ஜினெத் தோளிலிருந்த கோட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். குனிந்து படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். தலையணையைப் புரட்டிப் போட்டாள். போட்டுவிட்டு, அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றாள்.