வேற யாரும் படுக்காதது

மூட்டையைப் பிரித்ததும் தையல்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். தேவாலயத்தின் பின்னறையில் அப்படி இருபது மூட்டைகள் கிடந்தன. தெருவிலும் பேருந்து நிலையத்திலும் படுத்துக் கிடந்து, இப்போதுதான் ஆளுக்கொரு அறையும் சாவியும் கைக்கு வந்திருக்கிற ஏழு பிள்ளைகளுக்குச் சபையார் தரும் பண்டிகை அன்பளிப்பு. அடி கருகிய வாணலி, ஒற்றைச் செருப்பு, யார் பல்லிலோ தேய்ந்த பிரஷ். வீட்டில் இடத்தை அடைத்த குப்பையெல்லாம் தர்மம் என்று பேர் வைத்துக்கொண்டு வந்திருந்தது.

பிள்ளைகள் வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: ‘ஒரு தலையணை. வேற யாரும் படுக்காததா.’

அந்தச் சீட்டு குத்திய பையில் பழைய தலையணை இருந்தது. நடுவில் பழுப்பாக அகன்ற கறை. ஓரத்தில் நீல நூல் தையல், தையல்காரியே போட்டது. போன வருஷம் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று மாதமும் அவர் தலைக்கடியில் இருந்தது இதுதான். மருந்தும் எச்சிலும் கடைசியில் வாயோரம் வழிந்ததும் இதில்தான் இறங்கின.

அன்பளிப்புக் குழுவுக்குத் தலைவி, அவளுடைய அண்ணி.

“அண்ணி, இது அப்பாவோடதுல்ல?”

“நல்லா வெயில்ல போட்டுத்தான் எடுத்தேன்.” அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “நீ ஒரு புது உறை தச்சுப் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது? ரோட்டுல படுத்த பிள்ளைக்கு இதுவே பெருசு.”

அண்ணன் வீட்டு மாடியறையில் தையல் மெஷினோடு ஒண்டிக் கிடப்பவள் அதற்குமேல் என்ன பேசுவாள்? தன்னிடமிருந்த துணியிலேயே நல்லதாக, இளம்பச்சையில் பொடிப்பூ போட்டதை எடுத்துத் தைத்தாள். எல்லாம் அண்ணியால் வந்தது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மெஷினை மிதித்தது தன் கால்தானே.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் போதகர் ஒவ்வொருவராக அழைத்தார். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். படம் எடுப்பவர் தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். கட்டிப்பிடித்தாள். மூக்கு ஒரு முறை விடைத்தது. சிரிப்பு மட்டும் அசையவில்லை. முன் வரிசையில் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தபோது தையல்காரி வாசலுக்கு ஓடினாள்.

“அதைக் குடும்மா. அது நல்லதில்ல.”

“தெரியும்க்கா. ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது.” அவள் உறையைத் தடவினாள். “இது அழகா இருக்கு. நீங்க தச்சீங்களா?”

தையல்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாப்பிட்டாயா என்று கேட்பதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

“நாளைக்கே புதுசு வாங்கி…”

“வேணாம்க்கா. உறை புதுசுதானே?”

“புதுசு. சத்தியமா.”

“அப்ப இதை மட்டும் வச்சுக்கறேன்.”

பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உறையை உருவினாள். நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். தலையணையைத் தையல்காரியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கைகுலுக்கிக்கொண்டிருந்தவர்கள் நடுவே, கறை வெளியே தெரிய, தையல்காரி அதைச் சுமந்துகொண்டு காருக்கு வந்தாள். பின்சீட்டில் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அண்ணன் கண்ணாடியில் பார்த்தான். உடனே பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான். கார் கிளம்பியது. முதல் திருப்பம் வருவதற்குள் அண்ணி தன் பக்கத்து ஜன்னலை முழுசாக இறக்கி, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள்.