இங்கே தட்டிப் பாருங்கள்

பதினேழு பேரின் வாயை நான் அடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அப்போது எனக்கு அது தெரியாது. கேமராவுக்கு முன்னால் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன்.

‘ஒருதட்டு’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கை கால் அசையாதவர்கள், பேச்சு வராதவர்கள் கணினியில் எழுதுவதற்கானது. திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும். வேண்டிய எழுத்தில் வெளிச்சம் விழும்போது ஒரே ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டும். கன்னத்தால் தட்டலாம், கால் விரலால் தட்டலாம், குழாயில் ஊதலாம். ஒரு எழுத்துக்குப் பத்து வினாடி பிடிக்கும். திறந்த மூல மென்பொருள் என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். எட்டுப் பேர் சம்பளமில்லாமல் அதைப் பராமரிக்கிறோம். ஏழு பேருக்கு நிரல் எழுதத் தெரியும். எட்டாவது ஆள் நான். பகலில் குளியலறை ஓடு விற்கும் நிறுவனத்துக்கு இணையதளம் பார்த்துக்கொள்கிறவன், இங்கேயும் அதே வேலை. எனக்கு நிறம் மாற்ற மட்டும்தான் தெரியும் என்று குழுவில் ‘பெயிண்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வைத்தவர் எங்கள் சர்வரைக் கவனிக்கும் பெரியவர். அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார் என்பதால் பதிலுக்கு நான் அவருக்கு ‘கோடவுன்’ என்று வைத்தேன்.

நான் இதில் சேர்ந்ததற்குக் காரணம் என் அத்தான், அக்காவின் கணவர். கட்டட வேலையில் கிரேன் ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுபோயிற்று, குரலும் போயிற்று. இப்போது கன்னத்தில் ஒட்டிய சுவிட்சால்தான் எழுதுகிறார். ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பேன். திரையில் ‘த’ என்று வந்ததுமே, “தண்ணியா அத்தான்?” என்று எழுந்துவிடுவேன். ஒருமுறை கண்ணை மூடுவார், ஆமாம் என்று. நான்கு வருடமாக இந்த மனிதருக்கு இவ்வளவு தாகமா என்று வியந்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

எங்கள் பழைய இணையதளம் பார்க்கச் சகிக்காது. அதைப் புதுப்பித்து, பயனர்கள் கூடிப் பேச ஒரு சமூக மையம் கட்டுவதென்று முடிவாயிற்று. மூன்று மாதம் உழைத்தேன். கேள்வி பதில் பகுதி, அறிவிப்புப் பலகை, ஆளுக்கொரு அறிமுகப் பக்கம் எல்லாம் வைத்தேன். விளம்பரக்காரர்களின் ரோபோக்கள் நுழையாமலிருக்க வாசலில் ஒரு காவலும் போட்டேன். ஒன்பது படங்களில் படிக்கட்டு உள்ளவற்றை அறுபது வினாடிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டுப் பேரும் சோதித்துப் பார்த்தோம். எட்டுப் பேருக்கு எண்பது விரல். ஒருவருக்கும் பிரச்சினை வரவில்லை.

பழைய தளத்தின் உதவிப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. ‘உங்கள் சுவிட்ச் வேலை செய்கிறதா? இங்கே தட்டிப் பாருங்கள்’ என்று மேலே எழுதியிருக்கும். உள்ளே வரப் பெயரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். யார் எதைத் தட்டினாலும் அதில் உடனே தெரியும், புதிய வரி மேலே வந்து நிற்கும். ஒரு காலை அதைத் திறந்து பார்த்தேன். க. ம. ட. ஹ. ப. வரிக்கு ஓர் எழுத்தாக அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, அந்த டெஸ்ட் பெட்டி வெறும் குப்பை. தூக்கிடலாமா?” என்று கோடவுனிடம் கேட்டேன்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேண்ணே.”

செவ்வாய் பத்தரைக்குப் பெட்டியை அழித்து, பழைய பக்கத்தைத் திறந்தாலும் புதிய வாசலுக்கே வரும்படி மாற்றி, திறப்பு விழா கேக்கை வெட்டினேன். புதன்கிழமை காலை குழுவில் மார்தட்டினேன். வருகைக் கணக்கு என்னைக் கிறுகிறுக்க வைத்திருந்தது. “பதினேழு பேர் நேத்து மணிக்கணக்கா நம்ம வாசலை விட்டு நகரல! ஒருத்தர் ஏழரை மணி நேரம்! டிசைன்னா இது!” ஆறு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். கோடவுன் மட்டும் ஒன்றும் போடவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு அக்கா அழைத்தாள்.

“டேய், என்னடா பண்ணித் தொலைச்ச?”

“நானா? என்னக்கா ஆச்சு?”

“ரெண்டு நாளா மனுஷன் ஒரு எழுத்து தட்டல. சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கல. இன்னிக்குத்தான் ஒண்ணு தட்டினாரு. ‘பெயிண்டரக் கூப்பிடு’ன்னு. நான் கடைக்கு லீவு சொல்லிட்டேன். நீ வா.”

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். அவள் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. ஓடினேன்.

அத்தானின் கட்டில் தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது. அவர் முகத்துக்கு நேரே, வளைந்த கம்பியில் தொங்கும் திரையில், என் புதிய வாசல் திறந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். கன்னம் அசைந்தது.

வெளிச்சம் படங்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. முதல் படிக்கட்டைப் பிடிக்கப் பதினைந்து வினாடி. இரண்டாவதற்குப் பதினெட்டு. மூன்றாவதில் ஒரு நொடி தவறியது, வெளிச்சம் தாண்டிப்போயிற்று. மறுபடி சுற்றிவரக் காத்திருந்தார். அவர் நெற்றியில் வியர்வை. நான்காவது படிக்கட்டுக்கு வெளிச்சம் வந்துகொண்டிருக்கும்போதே திரை மாறியது.

‘நேரம் முடிந்தது. நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை. மீண்டும் முயலுங்கள்!’

பக்கத்தில் ஒரு சிரித்த முகம். அந்த வாக்கியத்தை எழுதியது நான். சிரித்த முகத்தைத் தேடிப் பிடித்துப் போட்டதும் நான்தான்.

அக்கா வாய்விட்டுப் படித்தாள். “மனிதர்தான் என்று...” அதற்கு மேல் படிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அத்தான் எழுத்துப் பலகைக்குப் போனார். பெ. ட்.

“பெட்ஷீட்டா அத்தான்? மாத்தணுமா?”

அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். “கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்கியா?”

மூடிக்கொண்டேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

‘பெட்டி எங்க.’

போனை எடுத்தேன்.

“அண்ணே, அந்த டெஸ்ட் பெட்டி...”

“குப்பைன்னு சொன்னியே, அதுவா?” என்றார் கோடவுன்.

“குப்பை இல்லண்ணே.”

“பாத்தேன்னு சொன்ன?”

“பத்து வரி பாத்தேன்.”

“அதுல நாப்பத்தோராயிரம் வரி இருந்துதுடா!”

“காப்பி இருக்கா?”

“என் பேரு என்ன?” என்றார். அந்த நிமிடம் அவர் காலில் விழத் தயாராக இருந்தேன். “அழிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது இருக்கு. முதல்ல உனக்கு அனுப்பறேன், படி. பழைய இடத்துல வைக்க ஒரு மணி நேரம் ஆகும்.”

கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியில் படித்தேன். இந்த முறை அடியிலிருந்து மேலே. அப்படிப் படிக்கப் படிக்கத்தான் அது பேச்சு என்று புரிந்தது. மூன்று வருடப் பேச்சு. காலை ஒன்பது மணிக்கு ஆளுக்கொரு எழுத்து. நான் குப்பை என்று பார்த்தது வருகைப் பதிவு! வேறெங்கும் நுழைய முடியாததால், ஒன்றும் கேட்காத அந்தப் பெட்டியில் பதினேழு பேர் கூடியிருக்கிறார்கள். நாங்கள் மூன்று மாதம் முட்டி மோதிக் கட்டிய சமூக மையம் அங்கே முன்பே இருந்தது. அதை இடித்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறேன்.

அத்தானின் எழுத்து ‘க’. நான்கு வருடமாக அவரிடமிருந்து நான் கேட்டதெல்லாம் தண்ணீர், ஃபேன், போதும். அந்தப் பெட்டியில் மனிதர் வாயாடி.

‘க: நாப்பது டன் தூக்கினவன் நான். இப்ப அ தூக்கறேன். அ தான் வெயிட்டு.’

‘ம: அப்ப ஔ தூக்காதே. முதுகு போயிடும்.’

சிரித்தேன். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது.

‘க: பெயிண்டர் வந்தான். என் மச்சினன். நல்லவன். நிக்க மாட்டான். பாதி சொன்னா ஓடுவான். இன்னிக்கு மூணு தடவ தண்ணி குடிச்சேன்.’

‘ஹ: நீ என்ன சொல்ல வந்த.’

‘க: தம்பி எப்படி இருக்கேன்னு.’

தலை நிமிர எனக்குத் தைரியம் வரவில்லை. செவ்வாய் பத்தரைக்கு வந்த கடைசி வரி வரைக்கும் தாவித் தாவிப் படித்தேன். ‘ட: என் மகளுக்கு நேத்து.’ அவ்வளவுதான். கேக் வெட்டியாயிற்று.

பன்னிரண்டே காலுக்குக் கோடவுன் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தார். பெட்டி வந்துவிட்டது, சரி. வந்ததை யாருக்குச் சொல்வது? பெயர் கேட்காத பெட்டி. அதனால் அவர்களின் பெயரோ முகவரியோ யாரிடமும் இல்லை. அவர்களாகத் திரும்பி வந்து பார்த்தால்தான் உண்டு. பார்க்காமல் விட்டுவிட்டால், பதினேழு அறைகளில் பதினேழு பேர் தனித்தனியாக இருப்பார்கள்.

அத்தான் ‘க’ தட்டினார். பிறகு மூன்று பேரும் திரையை முறைத்துக்கொண்டிருந்தோம்.

இருபது நிமிடம் கழித்து ‘ம’ வந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். ‘ப’. ‘ட’. ட வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்: ‘வேல கெடச்சுது.’ இரண்டு மணிக்குப் பதினாறு எழுத்து சேர்ந்துவிட்டது.

‘ஹ’ வரவில்லை.

பலகையின் கடைசி மூலையில் இருக்கும் எழுத்து அது. பெட்டியில் படித்த வரை, நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர், இப்போது குழாயில் ஊதி எழுதுகிறவர். மூச்சுக்குப் பயிற்சி என்று வேண்டுமென்றே தூரத்து எழுத்தாக எடுத்துக்கொண்டாராம். அவர் எழுத்து ஒருநாளும் தவறியதில்லை.

“யாருங்க கூட இருப்பாங்க அவங்களுக்கு?” என்று அக்கா கேட்டாள்.

அத்தான் தட்டினார். நான் காத்திருந்தேன். ‘பகல்ல யாரும் இல்ல.’

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் அந்தச் சிரித்த முகமாகவே மாறிவிட்டதுபோல் இருந்தது. அப்போதுதான் போன் அடித்தது. கோடவுன்.

“டேய் பெயிண்டர், புது வாசல்ல ஒரு ரோபோ நிக்குது. செவ்வாய்க்கிழமையிலேருந்து. காலையில வருது, சாயங்காலம் போகுது. முந்நூத்தி எண்பத்தெட்டு தடவ முட்டியிருக்கு. பிளாக் பண்ணிடவா?”

மார்தட்டிக் காட்டிய ஏழரை மணி நேரம் கண் முன்னால் வந்து நின்றது.

“அண்ணே, தொடாதீங்க! அது ரோபோ இல்ல. ரோபோவா இருந்தா எப்பவோ விட்டுட்டுப் போயிருக்கும்.”

“நான் பொத்தான்மேல கையை வச்சிட்டேண்டா,” என்றார் மெதுவாக.

மூன்று மாதம் கட்டிய வாசலை மூன்று நிமிடத்தில் பெயர்த்தேன். அந்த இடத்தில் வெள்ளைப் பெட்டியை வைத்தேன். ஆனால் அவர் திரையில் இன்னும் பழைய படிக்கட்டுகள்தான் இருக்கும். அந்த முறையும் தோற்றால்தான் பக்கம் மாறும். அவர் முந்நூற்று எண்பத்தொன்பதாவது முறை தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு வேண்டுதலை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

பெட்டியில் ஒன்றும் அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அத்தானின் கண்கள் திரையை விட்டு நகரவில்லை.

‘ஹ’.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பதினாறு பேரும் ஒவ்வொருவராகத் தங்கள் எழுத்தைத் தட்டத் தொடங்கினார்கள். சத்தமே இல்லாமல் அப்படியொரு ஆரவாரத்தை நான் பார்த்ததில்லை.

அடங்கிய பிறகு, நான்தான் பெயிண்டர், பெட்டியை அழித்தது நான்தான், மன்னிக்க வேண்டும் என்று ஐந்து வரி மளமளவென்று தட்டிவிட்டேன். ‘வேகமா எழுதுறான்’ என்று ‘ம’ குறை சொன்னார். ஹ-விடம் கேட்காமல் இருக்க முடியவில்லை: அவ்வளவு தடவை ஏன் விடாமல் முட்டினீர்கள்?

பதில் வர ஆறு நிமிடம் ஆயிற்று. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

‘வேற எங்க போறது.’

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹ-வுக்கு ஏதோ சொல்ல அத்தானின் கன்னம் மறுபடி அசைய ஆரம்பித்தது. முதல் எழுத்து ‘இ’ என்று வந்தது. அடுத்தது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.