எர்த் இல்லாத அடுப்பு

நல்லம்பள்ளியில் விக்டர் வீட்டுச் சமையலறையில், கீழே ஓவன் வைத்த பெரிய மின்சார அடுப்பு அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மகள் பிளசிக்குத் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. விருந்துக்குக் கேக்கைத் தானே சுடப்போவதாக அவன் மனைவி தெரசா உறவுகளிடமெல்லாம் சொல்லியிருந்தாள்.

அடுப்பை இணைக்க வந்தவள் ஜெனிஷா. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்து, ஆறு வருடமாக இதே வேலை பார்ப்பவள். வீட்டு மின்இணைப்புகள் பிரியும் டிபி பாக்ஸைத் திறந்து சோதித்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணா, இந்த லைன் தாங்காதுங்க. பாக்ஸ்ல இருந்து தனியா கனமான ஒயர் இழுக்கணும். உங்க வூட்டுல எர்த்தும் வேலை செய்யலைங்க. பின்னாடி குழி தோண்டிப் புதுசா போட்டாத்தான் கனெக்‌ஷன் குடுப்பேன். ரெண்டு நாள் ஆகும்.”

“விசேஷத்த வெச்சுக்கிட்டு செவுத்த ஒடைக்கச் சொல்றியா? மிக்சி பிளக்குல இருந்தே இழுத்துக் குடும்மா. பொம்பளப்புள்ள, அதான் பயப்படற.”

“பயம் இல்லைங்ணா. தப்புன்னு தெரிஞ்சே செய்ய மாட்டேன்.” ஜெனிஷா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் விக்டர் கூப்பிட்ட வேறொரு எலக்ட்ரீசியன் குப்புராஜ் வந்தான். மிக்சி பிளக்கிலிருந்தே இணைப்புக் கொடுத்தான். லோடு அதிகமானால் தானே மின்சாரத்தை நிறுத்தும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்ததால், அதைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினான். எர்த் ஒயரை எதிலும் இணைக்காமல் மடக்கி டேப் சுற்றினான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

சனிக்கிழமை காலை, பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு தெரசா ஓவன் கதவைப் பிடித்தாள். ஷாக்கில் கை இழுத்துக்கொண்டது. அடுத்த நொடி சுவரில் மோதி விழுந்தாள். சத்தம் கேட்டு வெறுங்காலோடு ஓடிவந்த பிளசி, அடுப்பைப் பிடிக்கக் கையை நீட்டியபடி அம்மாவிடம் குனிந்தாள்.

“தொடாதடி!”

அந்தக் கூச்சலில் குழந்தை அப்படியே நின்றாள். தெரசா தட்டுத்தடுமாறி எழுந்து மெயின் சுவிட்சை இறக்கினாள்.

விக்டர் பதறி ஓடிவந்தான். அடிபடவில்லை என்று தெரிந்ததும், “செருப்பு போட்டுக்கிட்டு செய்யலாமில்ல? நாளைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்க” என்றான்.

“எம் புள்ள கை இத்துனூண்டு தூரத்துல இருந்துச்சு. கேக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஜெனிஷா வந்து பாக்கற வரைக்கும் இந்த வூட்டுல கரண்டு வராது.” மெயின் சுவிட்சுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவளே போன் செய்தாள்.

ஜெனிஷா வந்தாள். பழைய பேச்சை எடுக்காமல் பிளக்கைக் கழற்றினாள். உள்ளே ஒயரின் தோல் உருகிக் கறுத்திருந்தது.

“கசியற கரண்டு மண்ணுக்குப் போக எர்த் இல்லைங்க, அதான் அக்காவ அடிச்சுது. எம்.சி.பி. விழுந்து விழுந்து எச்சரிச்சிருக்குங்ணா. அதையே மாத்திட்டாங்க. இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா தீப்புடிச்சிருக்கும்.”

விக்டர் குனிந்து அந்தக் கருகலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கடப்பாரையை எடுத்தான். “குழி எங்கம்மா தோண்டணும்?”

புதுநன்மை விருந்து பேக்கரி கேக்கோடு நடந்தது. விருந்துக்கு வந்த மச்சான் ஜோசப் ராஜ், வெட்டிக் கிடந்த சுவரைப் பார்த்துச் சிரித்தான். “ஒரு அடுப்புக்கா இவ்ளோ ஒடச்சீங்க? எங்க வூட்டுலயும் எர்த் இல்ல, எல்லாம் ஓடுதே.”

“இன்னிக்கு வரைக்கும் ஓடுது மச்சான்” என்றான் விக்டர். “நாளைக்கே ஜெனிஷாவக் கூப்புட்டுக் காட்டு. கரண்டு வேலையில சொல்றது ஆம்பளையா பொம்பளையான்னு பாக்காத, சொல்றது சரியான்னு பாரு. ரெண்டு நாள் அவசரத்துக்கு நான் எம் பொண்டாட்டி புள்ள உயிரையே பணயம் வெச்சுட்டேன். நீ வெக்காத.”