மூன்றாவது தேதி

பள்ளிக்கூட ஹாலில் டாக்டருக்கு இரங்கல் கூட்டம். நாலு மணிக்கே நாற்காலி தீர்ந்துவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோது எப்படி இடித்துக்கொண்டு வந்தார்களோ, அப்படியே இப்போதும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் டாக்டரம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் மகன் வீட்டுக்குப் போகிறார். இனி இந்த ஊருக்குத் திரும்பமாட்டார். அவர் காரில் ஏறுவதற்குள் நான் அவரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் போன பதினாறு நாளாக அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

டாக்டர் வீட்டு முன்பக்கத்தில் இருந்த கிளினிக்கில் இருபத்தாறு வருஷம் ஊசி போட்டதும் கட்டுக் கட்டியதும் நான்தான். ஊர் என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடும். முதுகுக்குப் பின்னால் 'கடுகு' என்று கூப்பிடும். வெடிக்கிறேனாம்.

கூட்டத்துக்குத் தலைமை மரக்கடைக்காரர். மைக் கிடைத்துவிட்டால் அவரிடமிருந்து அதைப் பிடுங்க ரெண்டு பேர் வேண்டும். "கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவர் நம்ம டாக்டர்! தன் உடம்பைப் பத்திக் கொஞ்சம்கூடக் கவலைப்படாம நமக்காகவே வாழ்ந்தவர்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கவலைப்படாமலா? போன வருஷத்திலிருந்தே அவருக்கு நெஞ்சு வலி. கிளினிக்குக்கு நாலே படி. அதில் ரெண்டு ஏறியதும் நின்று, சுவரில் இருக்கும் தடுப்பூசி விளம்பரத்தைப் படிப்பதுபோல நடிப்பார். அதை மாட்டியதே அவர்தான். நகரத்து ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதிக்க மூன்று முறை தேதி வாங்கினார். ஒவ்வொரு தேதிக்கும் ரெண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மூன்று முறையும் போகவில்லை. போகவிட்டால்தானே?

எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. அதற்கு டாக்டராலும் மருந்து கொடுக்க முடியவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன்னை டாக்டர் வீட்டு மனுஷங்க என்று நினைத்துக்கொண்டிருந்தது. வீட்டு மனுஷங்க முன்வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருவார்களா? பின்வாசல் வழியாகச் சமையலறையைத் தாண்டி உள்ளே வருவார்கள். டாக்டரம்மா அடுப்பில் நிற்பார், அவர் பக்கத்தில் ஒருவன் இருமிக்கொண்டு நிற்பான். கடைசியில் முன்வாசலில் வந்தவர்கள் மருந்துக் கம்பெனிக்காரர்களும் வழி தெரியாத வெளியூர்க்காரர்களும்தான். பெஞ்சு காலியாகக் கிடக்கும், பின்வாசலில் வரிசை தெருமுனை வரை நிற்கும். 'டாக்டர் இல்லை' என்று பலகை மாட்டினால், பின்வாசலுக்கு வரச் சொல்கிறார் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "பாவம், வந்துட்டாங்க சிஸ்டர்" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு எமன்.

"சிஸ்டர் ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று மரக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். போனேன். மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"முதல் தேதி அன்னைக்குக் கார் வாசல்ல நிக்குது. ஹெட்மாஸ்டர் சார், நீங்க உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் பின்வாசல்ல வந்தீங்க. என்ன உடம்புக்கு? மூணு நாளா தூக்கம் வரலைன்னு. மூணு நாள் பொறுத்த தூக்கம் நாலாவது நாள் பொறுக்காதா?"

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"உங்களைப் பார்த்துட்டு இன்னும் முப்பது பேர் வந்தாங்க. கார் திரும்பிப் போயிடுச்சு. ரெண்டாவது தேதிக்கு வந்தது யாரு தெரியுமா? இதோ, தலைவர். விரல்ல சிலாம்பு. முந்தாநாள் ஏறின சிலாம்பு! மரக்கடை வச்சிருக்கீங்க, ஒரு சிலாம்பு எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். "சிரிக்காதீங்க," என்று கத்தினேன். "அன்னைக்கு இவருக்குப் பின்னாடி நின்னது நீங்கதானே? ஓடி வந்தாராம்! அவரால நாலு படி ஏற முடியல. நீங்கதான் ஓடி ஓடி வந்தீங்க. செத்த அன்னைக்கு அவர் மேஜையில தலை சாஞ்சு கிடக்காரு, நான் கத்திட்டு வெளிய வர்றேன், வரிசையில ஒருத்தர் கேக்கறாரு, 'அடுத்தது நாங்கதானே சிஸ்டர்?'னு. நீங்கெல்லாம் மனுஷங்களா?"

மரக்கடைக்காரர் மைக்குக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அதோடு இறங்கியிருக்கலாம். ஊரையே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள் என்று பேர் கிடைத்திருக்கும். ஆனால் எதிரே டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தேதியை நான் இன்னும் சொல்லவில்லை. அவர் அதற்குத்தான் காத்திருந்தார்.

"மூணாவது தேதி," என்றேன். "அன்னைக்கு டாக்டரம்மா பின்வாசலைப் பூட்டிச் சாவியை என்கிட்டதான் கொடுத்தாங்க. 'யார் வந்தாலும் திறக்காதே'ன்னாங்க. யாருக்கும் திறக்கல. என் மாப்பிள்ளைக்குத் திறந்தேன்."

அவனுக்குத் தொழிற்சாலையில் வேலைக்கு உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கொடுத்தால் போதும். அன்று புதன். பக்கத்து ஊர் டாக்டரிடம்கூட வாங்கியிருக்கலாம். ஆனால் ஒரு கையெழுத்துதானே, ரெண்டு நிமிஷம்தானே, நாம் வீட்டு மனுஷங்கதானே என்று நினைத்தேன். பார்க்காமல் டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார் என்று இருபத்தாறு வருஷமாகத் தெரிந்தவள் நான். ஷூ போட்டுக் கிளம்பத் தயாராக நின்றவர் திரும்பி, "படுங்க மாப்பிள்ளை, பிரஷர் பார்க்கலாம்" என்றார். கதவு திறந்திருந்ததை ஊர் பார்த்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ஐம்பது பேர். கார்க்காரர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து பதினோராம் நாள் டாக்டர் இல்லை.

இதையெல்லாம் மைக்கில் சொன்னேன். முடித்ததும் ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நிம்மதிப் பெருமூச்சு அது. ஆள் கிடைத்துவிட்டது அவர்களுக்கு.

"அப்ப நீங்கதானா?" என்றார் மரக்கடைக்காரர். சிலாம்பு ஏறிய அதே விரலை என் பக்கம் நீட்டினார். "இவ்வளவு நேரம் எங்களை வாய் கிழியத் திட்டினீங்களே!"

டாக்டரம்மா எழுந்தார். மேடை ஏறவில்லை, மைக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் பேசினார். கடைசி வரிசை வரை கேட்டது.

"அவ வரிசையில கடைசியா நின்னவ. வரிசையை அவளா உண்டாக்கினா?"

மரக்கடைக்காரர் விரலை மடக்கிக்கொண்டார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். எனக்கு ஒரு நப்பாசை, ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று.

"உன்னை நான் மன்னிக்கல. நம்பிச் சாவி கொடுத்தேன். இவங்களையும் மன்னிக்கல. எல்லாரையும்விட அந்த மனுஷனைத்தான் மன்னிக்க முடியல. அவருக்குக் குனிய முடியாது. அன்னைக்கு அந்த ஷூ லேஸைக் கட்டிவிட்டது நான். சாயங்காலம் அவிழ்த்துவிட்டதும் நான். 'வந்தவங்க பாவம்'னாரு. முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள்கூட நான் பாவம்னு அவருக்குத் தோணல."

அவர் கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"அவர் போய்ப் பதினாறு நாளாச்சு. நான் இன்னும் அழல. தினமும் துக்கம் கேக்க வர்றீங்க. வர்றவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடவும், தண்ணி கொடுக்கவும், உங்க அழுகையைத் தேத்தவுமே பொழுது சரியாப் போகுது. தயவுசெஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

யாரும் அசையவில்லை. ரெண்டு பேர் அவருக்கு ஆறுதல் சொல்ல முன்னே வந்தார்கள். தையல்காரர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு இனி யாரும்மா இருக்கா?" என்று அழத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

நான் மேடையிலிருந்து இறங்கி, தையல்காரர் மனைவியின் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன். டாக்டரம்மாவுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"காதுல விழலையா? வீட்டுக்குப் போங்க."

திட்டினார்கள். ஒருவர் பிடித்துத் தள்ளினார். நான் நகரவில்லை. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து அவர் அழுகிற சத்தம் வந்தது. கார் தெரு திரும்புகிறவரை ஒருத்தரையும் வாசலைத் தாண்ட விடவில்லை நான்.